மெலிந்த முதலாளிக்கு ஆர்டர் கிடையாது

அன்பு மகனுக்கு,

போனில் சொன்னால் 'மீட்டிங்ல இருக்கேன்பா' என்று வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று திரும்பி வரும். படித்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தமா, படிக்கப் போவதில்லை என்று அர்த்தமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இந்த வருஷத் தீபாவளி விலைப்பட்டியல் ஆபீஸில் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடக்கிறது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, வீணாக்குவானேன். முன்பக்கத்தில் சங்குசக்கரம் என்ன விலை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாமல் திருப்பிப் படி.

செவ்வாய்க்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை நானும் கேட்டேன். உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே பேசுவதற்காக போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பா மேல் வைத்திருந்தாள். "கல்யாணம் வரைக்கும் இந்த வைத்தியத்த நிறுத்தி வச்சிருதேம்மா. பாக்குறவுகளெல்லாம் என்ன சீக்குன்னு கேக்காக. தை முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்" என்றாய். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "மத்தியானம் சாப்பிட்டியா" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாதபோது அவள் கேட்கிற கேள்வி அது. நான் அடுத்த அறையில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால், யாரும் சொல்லாமல், நீயாகவே சென்னையில் ஒரு டாக்டரைப் பிடித்து, 'எனக்கு இருக்கிறது சோம்பேறித்தனம் இல்லை, உடல் பருமன் என்ற நோய்' என்று தெரிந்துகொண்டு, வாரம் ஒரு ஊசி, அளந்த சாப்பாடு, நடை என்று ஒழுங்காகப் பார்த்து வந்தவன் நீ. பதின்மூன்று கிலோ இறங்கியிருக்கிறாய். அதை இப்போது நிறுத்துவேன் என்கிறாய். நீ நிறுத்துவதற்குக் காரணம் ஊர்வாய் என்று நீ நினைக்கிறாய். ஊர்வாயில் முதல் வாய் என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரே அங்கே போக எனக்குத் துணிச்சல் இல்லை. சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நம் ஊரில் உடம்பு என்பது கடைக்கு வெளியே மாட்டுகிற போர்டு. உனக்கே தெரியும். தொப்பை உள்ளவன் தொழில் நடத்துகிறவன். ஒருத்தன் மெலிந்தால் இரண்டே காரணம், ஒன்று அவனுக்கு சுகர், இல்லையென்றால் அவன் கம்பெனி படுத்துவிட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று சிவகாசியில் யாரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தேன் என்றால், அது எனக்கு நோயாகத் தெரியவில்லை, பட்டமாகத் தெரிந்தது. வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் பெல்ட் போட்டதைக்கூட 'வசதி' என்றுதான் சொன்னேன்.

ஆனால் பார், அதே உடம்பு உனக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதினொரு வயதில் நீ ஆபீஸ் பக்கத்து லோடு ஷெட்டுக்கு சனிக்கிழமை வருவாய். பார்சல் எடை போடுகிற மெஷின் அங்கேதானே இருக்கும். "ஏலே, வா, ஏறு. இன்னைக்கு எத்தன பெட்டின்னு பாப்போம்" என்பேன். லோடுமேன் மாரியப்பன் முள்ளைப் பார்த்துவிட்டு "ரெண்டு பெட்டி புஸ்வாணம், அரைப் பெட்டி கொசுறு, மொதலாளி" என்பான். லாரிக்காரர்கள் வரை சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நீ சிரித்ததால் உனக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நீ ஷெட் பக்கம் வருவதை நிறுத்தினாய். 'பையனுக்குப் படிப்பில் கவனம் வந்துவிட்டது' என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் நான் ஒருநாள்கூட ஏறியதில்லை. ஏறியிருந்தால் மாரியப்பன் எத்தனை பெட்டி சொல்லியிருப்பான் என்று கணக்குப் போட்டுப் பார். அந்த ஷெட்டில் நான் உனக்குச் செய்தது தப்பு, மகனே. மன்னித்துக்கொள்.

அதோடு விட்டேனா. உன்னை மெலிய வைக்கிறேன் என்று சாத்தூர் சேவு டின்னை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். பூட்டின டின் வாராவாரம் எப்படிக் காலியாகிறது என்று உன் அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. புது டின் வாங்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். எனக்கு அப்போது தெரிந்த வைத்தியம் இரண்டு, கேலி ஒன்று, பூட்டு ஒன்று. இரண்டும் உன்னை மெலிய வைக்கவில்லை. ஒளித்து வைத்துத் தின்னத்தான் கற்றுக்கொடுத்தன. அதை நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நீ காலேஜில் முதல் வருஷம் படித்தபோது, குடோன் படி ஏறினால் எனக்கு இளைப்பு வாங்கியது. பதினாறு படிதான். பாதியில் நின்று, சுவரில் ஏதோ பார்ப்பதுபோல் பார்த்து, மறுபடி ஏறுவேன். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே கிடையாது. உன் அம்மா பிடித்து இழுத்துக்கொண்டு மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் தையல்காரர்போல இஞ்ச் டேப்பால் என் வயிற்றைச் சுற்றி அளந்தார். பிறகு சொன்னார்: "இது உங்க குற்றம் இல்ல சார். பரம்பரை, உடம்பு வாகு, தூக்கம், சாப்பாடு, உட்கார்ந்தே பாக்குற வேலை, எல்லாம் சேர்ந்து வர்ற நோய். ஆனா பிரஷர் மாதிரி இத ஆயுசுக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும், நடுவுல விடக்கூடாது." முதல் வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 'என் குற்றம் இல்லையாம்' என்று திரும்பி வருகிற வழி முழுக்க உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வாக்கியத்தைத் திருமங்கலம் பக்கம் எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

இருந்தாலும் சொன்னபடி செய்தேன். ஏழு மாதத்தில் பதினான்கு கிலோ. படி பதினாறையும் நிற்காமல் ஏறினேன். காலையில் எழுந்தால் தலைவலி இல்லை. உன் அம்மா பழைய சட்டைகளைத் தையல்காரரிடம் பிடிக்கக் கொடுத்தாள். அப்புறம் ஆரம்பித்தது. முதலில் நம் தாயில்பட்டி பேக்டரியில் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு சொந்தக்காரர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். திருத்தங்கலில் இருந்து உன் பெரியம்மா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு "எம்புட்டு நாளா இருக்கு?" என்றாள். "எது?" என்றேன். "சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்" என்று கண்ணைத் துடைத்தாள். டாக்டர் சொல்லி உடம்பைக் குறைக்கிறேன் என்று விளக்கினேன். "அப்படித்தான் சொல்லணும், தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் கொண்டுவந்த ஆப்பிளை நான் தின்னவே இல்லை, அவ்வளவு கோபம்.

சொந்தக்காரர்களைத் தாங்கிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்கிற ஏஜெண்டுகளை எப்படித் தாங்குவது? கோயம்புத்தூர் ஏஜெண்ட் உனக்கு ஞாபகம் இருக்கும், வந்தால் உனக்கு முறுக்கு வாங்கி வருவாரே, அவர்தான். சித்திரையில் வேறு வேலையாகச் சிவகாசி வந்தவர், ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்றார். "நல்லா இருக்கேன்" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து, அறையைச் சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டார். பிறகு, "இந்த வருசம் பாதி ஆர்டர் போதுமுங்க. நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றார். முதலாளி படுத்துவிட்டால் லோடு நேரத்துக்கு வராது என்பது அவர் பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மெலிந்த முதலாளிக்கு முழு ஆர்டர் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் நம் தொழில்காரனால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். ஆடிப்பெருக்கு பூஜைக்கு எல்லா ஊர் ஏஜெண்டுகளும் வருவார்கள், அன்றைக்குத்தான் சீசன் தொடங்கும், அதற்குள் என் உடம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "சீசன் முடியட்டும் டாக்டர், பெறகு வாறேன்" என்றேன். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் விருதுநகருக்குக் கிளம்பிவிடுவேன். எண்ணெய் பரோட்டா. தட்டில் வைத்துப் பிய்த்துச் சால்னா ஊற்றினால் நொறுங்குகிற சத்தம் கேட்குமே, அந்தப் பரோட்டாதான், ஒரு நாளைக்கு ஐந்து. காலையில் பால்கோவா, ஒரு வேலையைப்போலத் தின்றேன். பசிக்கவில்லை என்றாலும் தின்றேன். "ஒடம்ப ஏத்துறதுக்கு இப்படிப் பாடுபடுற மனுசன நான் பாத்ததே இல்ல. ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று உன் அம்மா கேட்டாள். ஆடிக்குள் பதினோரு கிலோ ஏற்றிவிட்டேன். பூஜையன்று கோயம்புத்தூர்க்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "இப்பத்தானுங்க களையா இருக்கீங்க" என்றார். முழு ஆர்டரும் கொடுத்தார். நான் பரீட்சையில் பாஸானவன்போல வீட்டுக்கு வந்தேன்.

சீசன் முடியட்டும் என்றேன் அல்லவா. தீபாவளி முடிந்தது. அடுத்து லைசென்ஸ் வேலை, அடுத்துப் பொங்கல், அடுத்துப் பங்குனிப் பொங்கலுக்கு விருந்தாள், அடுத்துத் தேர்தல், வெடிக்கு ஆர்டர் குவிகிறது, அடுத்து மறுபடி ஆடிப்பெருக்கு. மகனே, சீசன் முடிவதே இல்லை. நீ தை முடியட்டும் என்கிறாய். தை முடிந்தால் மறுவீடு, விருந்து, அதற்கப்புறம் தலைத் தீபாவளி. தலைத் தீபாவளிக்குப் போன மாப்பிள்ளை 'எனக்கு அளவுச் சாப்பாடு' என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

இப்போது சொல்லப் போவதை உன் அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. நீ படித்தபிறகு அவளிடம் சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே. அந்த ஆட்டைப் பற்றித்தான்.

அடுத்த வருஷம் புரட்டாசியில், நீ லீவுக்கு வந்திருந்தாய். தாயில்பட்டி பேக்டரியிலிருந்து இருவரும் மத்தியானம் திரும்பி வந்தோம். நான் ஓட்டினேன், நீ முன்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் கார் ரோட்டை விட்டிறங்கி மக்காச்சோளக் காட்டுக்குள் போய் நின்றது. உன் நெற்றி முன்னால் மோதி, இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். "என்னப்பா ஆச்சு?" என்று ரத்தத்தோடு கேட்டாய். "ஆடு" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அன்றைக்கு அது வெறும் ஆடு. வீட்டுக்கு வருவதற்குள் கருப்பு ஆடாகிவிட்டது. உன் அம்மா தன் தங்கச்சியிடம் சொல்லும்போது அது சினை ஆடு. அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில், இரண்டு குட்டிகளோடு ரோட்டைக் கடந்த ஆட்டைக் காப்பாற்றியவர் என்று என்னை ஒருத்தருக்கு அறிமுகம் செய்தார்கள். நானும் கைகூப்பினேன்.

ஆடே கிடையாது. நான் தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். அந்தச் சமயத்தில் நான் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினேன். ஏஜெண்ட் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினேன். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு நான் எழுந்திருக்கக் காத்திருந்தார். 'பாவம், மொதலாளிக்கு ஓயாத உழைப்பு' என்றார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். உழைப்பு இல்லை. கழுத்துச் சதை கூடி, தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைத்து, மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் உடம்பு தூங்கவே இல்லை. எடை இறங்கியபோது போயிருந்த அது, நான் பரோட்டா தின்று ஏற்றியபோது திரும்பி வந்துவிட்டது. அந்தக் காட்டுக்குப் பதில் எதிரே ஒரு லாரி வந்திருந்தால் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

அப்புறமாவது டாக்டரிடம் போனேனா? போகவில்லை. ஒரு டிரைவரை வேலைக்கு வைத்தேன். தூங்குகிற வியாதிக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், பின்சீட்டில் உட்கார்ந்து தூங்குவது. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. போன பங்குனியில் நீ போன் பண்ணி, "அப்பா, நான் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், நீங்களும் ஒரு தடவ காட்டுங்க" என்றாய். அன்றைக்கு உன்னிடம் "சரி சரி" என்று வைத்துவிட்டு, மறுவாரம் யாருக்கும் சொல்லாமல் மதுரைக்குப் போனேன். அதே டாக்டரம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சீசன் முடிஞ்சிருச்சா சார்?" என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சீசன் என்று தள்ளிப் போட்டதன் பலன் இது. சுகர் வந்துவிட்டது. இதயத் தசை தடித்திருக்கிறது. முட்டி தேய்ந்திருக்கிறது. ராத்திரி மூச்சுக்கு ஒரு மெஷின், மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். முதல் நாள் உன் அம்மா பார்த்துவிட்டு, "கிணத்துக்கு மோட்டார் போட்ட மாதிரி இருக்கீக" என்று சிரித்தாள். மெஷின் எதற்கு என்று கேட்டதற்குக் குறட்டைக்கு என்று சொல்லிவைத்தேன். சிரித்தவள் மறுநாள் காலையில், "இத்தன வருசத்துல நேத்துத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்க அவள் இத்தனை வருஷமாக விழித்து விழித்துப் பார்த்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

நிறுத்தினால் ஏன் ஏறுகிறது என்று இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் ஒழுங்காகக் கேட்டேன். உடம்பு தன் பழைய எடையை நினைவில் வைத்திருக்குமாம். இறங்கினால் விடாதாம். பசியைக் கூட்டும், வயிறு நிறைந்த உணர்வைக் குறைக்கும், செலவழிக்கிற சக்தியையும் சுருக்கிக்கொள்ளும். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. 'போன வருசம் இத்தன பெட்டி எடுத்தீங்களே, இந்த வருசம் ஏன் கொறச்சல்' என்று ஏஜெண்டிடம் நாம் விடாமல் நச்சரிப்போமே, உடம்பும் அதைத்தான் செய்கிறது. அந்த நச்சரிப்பை அமுக்கி வைக்கத்தான் உன் ஊசியும் அளந்த சாப்பாடும் நடையும் தூக்கமும். நிறுத்தினால் பெரும்பாலும் அது பழையபடி வந்து வாசலில் நிற்கும். அதற்கு மனவுறுதி இல்லாதவன் என்று பெயர் வைத்தால், பிரஷர் மாத்திரையை நிறுத்தி பிரஷர் ஏறுகிறவனுக்கும் அந்தப் பெயரே வைக்க வேண்டும். மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது, மாற்ற வேண்டும் என்றால் உன் டாக்டரிடம் கேட்டு மாற்று, குறை, நிறுத்து. பெரியம்மா வாங்கி வருகிற ஆப்பிளுக்குப் பயந்து நிறுத்தாதே. அவள் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, சுற்றியது போதும். கார்த்திகை முதல் வாரம் உன் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டு அத்தை ஒருத்தி எல்லார் முன்னாலும், "மாப்பிள்ள போட்டோவுல இருந்ததுக்குப் பாதியா இருக்காரே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். நீ உண்மையைச் சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மெட்ராஸ் ஓட்டல் சாப்பாடு. கல்யாணம் ஆகட்டும், ஒரே மாசத்துல பழையபடி ஆயிருவான்" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாய். எட்டு மாதம் நீ பட்ட பாட்டை ஓட்டல் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். நீ ஏறிய படி அத்தனையையும் ஒரு சிரிப்பில் இறக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து நீ அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாய், நிறுத்தி வைக்கிறேன் என்று.

அதனால் வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறி விருதுநகருக்குப் போனேன். காரில் போகவில்லை, டிரைவர் கேட்டால் எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். உன் மாமனாரின் பருப்பு மண்டியில் அவர் மட்டும் இருந்தார். காபி வரவழைத்தார். காபி ஆறுகிறவரை பருப்பு விலையைப் பற்றியே பேசினேன். அவருக்கே சந்தேகம் வந்து, "அண்ணாச்சி, துவரம்பருப்பு கேக்கவா பஸ் ஏறி வந்தீக?" என்றார்.

சொல்லிவிட்டேன். "நிச்சயத்தன்னைக்கு நான் சொன்னது பொய். என் மகனுக்கு ஒடம்பு பருமன்னு ஒரு நோய் இருக்கு. வைத்தியம் பாக்கான், அதுல எளச்சிருக்கான். ஆயுசுக்கும் பாக்கணும். அதே நோய் எனக்கும் இருக்கு, நான் பாக்காம விட்டுக் கெட்டுப்போனேன். கல்யாணத்துக்கு முன்ன ஒங்களுக்குத் தெரியணும். யோசிக்கணும்னா யோசிங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. இந்தச் சம்பந்தம் என் வாயால் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே, ஆறின காபியைக் குடித்தேன்.

அவர் எழுந்து போய் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். திரும்பி வந்து, அவருடைய வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "அண்ணாச்சி, மதுரையில எந்த டாக்டரு? அங்கன கூட்டம் எம்புட்டு இருக்கும்?" என்றார். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து, வீட்டு ஆட்கள் கண்ணில் படாதபடி பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மகள் சுகன்யாவிடமும் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளை நின்றுகொண்டே கேட்டது. கேட்டுவிட்டுச் சொன்னது: "மாமா, அவுக பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாக. என்ன மருந்து, எம்புட்டு எட, எல்லாம். பெருமையாத்தான் சொன்னாக. நிச்சயத்துக்குப் பெறகுதான் அதப் பத்திப் பேசுறதில்ல. கேட்டா, எங்கப்பாவுக்கு இது வெக்கமா இருக்குங்காக."

விடைபெற்றுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பேச்சுக்குப் பதிலை உனக்குத்தான் சொல்ல வேண்டும். மகனே, உன்னை நினைத்து எனக்கு ஒருநாளும் வெட்கம் இல்லை. நாற்பத்தேழு வயதில் நான் ஊருக்குப் பயந்து விட்டு ஓடிய காரியத்தை நீ முப்பது வயதில் தனியாக நின்று செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது என்னை நினைத்துத்தான். அதை உன் தலையில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி உனக்கு டாக்டர் பார்க்கிற நாள் என்று அம்மா சொன்னாள். பதினொன்றாம் தேதிக்கு எனக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று, கீழ் பெர்த். நீ போக வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் மட்டும் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன், அந்த அசிங்கத்துக்கு நீ பொறுப்பு. வந்தாயானால் உன் பக்கத்தில் உட்காருகிறேன். உன் பெயரைக் கூப்பிடும்போது நானும் எழுந்திருப்பேன். கூட வந்திருக்கிறது யார் என்று அந்த நர்ஸ் கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இவன் என் மகன், எனக்கும் இதே நோய்தான், இவனைப் பார்த்துத்தான் நான் வைத்தியத்துக்கு வந்தேன் என்று நானே சொல்கிறேன். அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சத்தமாகவே சொல்கிறேன்.

அப்பா